களத்துத் தூசியும் கடைச் சொட்டு மருந்தும்

கேள்வி: களத்தில் நெல் தூற்றும்போது வலது கண்ணில் ஏதோ விழுந்தது. கசக்கிவிட்டேன். மறுநாள் சிவந்து நீர் வடிந்தது. மெடிக்கலில் சொல்லி சொட்டு மருந்து வாங்கிப் போட்டேன். இரண்டு நாள் தேவலையாக இருந்தது. இப்போது மறுபடி உறுத்துகிறது, வெளிச்சம் பட்டால் கூசுகிறது. தாய்ப்பால் விடச் சொல்கிறார் மாமியார். எனக்கு வயது 44. ராத்திரியில் பூக் கட்டினாலும் கண் வலிக்கிறது. என்ன செய்யலாம்?
- ஒரு வாசகி, பாகூர் கொம்யூன்

பதில்: அம்மா, இதைப் படித்ததும் கண் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். உங்களுக்குத் தவளக்குப்பம் அரவிந்த் பக்கம்தான். வில்லியனூர்ப் பக்கத்தவர்கள் கோரிமேடு ஜிப்மருக்குப் போகலாம்.

வெறும் தூசி என்றால் சுத்தமான தண்ணீரில் கழுவினாலே ஒரு நாளில் அடங்கிவிடும். நெல் உமியோ கரும்புச் சோகையோ கருவிழியைக் கீறினால் கதை வேறு. செடி கொடியில் இருக்கும் பூஞ்சை அந்தக் கீறல் வழியே உள்ளே போய்ப் புண்ணாக்கும். கூச்சமும் திரும்பி வந்த உறுத்தலும் அப்படித்தான் சந்தேகப்பட வைக்கின்றன.

நீங்கள் போட்ட சொட்டு மருந்துதான் எனக்குப் பெரிய கவலை. டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசோலோன், பீட்டாமெத்தசோன் என்று அட்டையில் இருந்தால் அது ஸ்டீராய்டு. சிவப்பை வேகமாகக் குறைக்கும். அதனால் ஆறிவிட்டது என்று நம்புவோம். உள்ளே எதிர்ப்புச் சக்தி அடங்கிப்போக, பூஞ்சை தங்குதடையின்றி வளரும். இனி அதைப் போடவே வேண்டாம். தாய்ப்பாலும் வேண்டாம், விளக்கெண்ணெயும் வேண்டாம். அவற்றோடு கிருமியும் கண்ணுக்குள் போகும். மாமியார் அக்கறையில்தான் சொல்கிறார், அவரிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள்.

மருத்துவமனையில் கண்ணை மரக்கச் செய்து, புண்ணிலிருந்து துளி சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். பூஞ்சை என்றால் பெரும்பாலும் நாடாமைசின் சொட்டு மருந்துதான். மதுரை, புதுச்சேரி, கோவை அரவிந்த் மருத்துவமனைகளில் 323 பேரிடம் நடந்து 2013-ல் வெளியான ஆய்வில், விலை கூடிய வோரிகோனசோலைவிட இதுவே நன்றாக வேலை செய்தது. முதல் சில நாள் மணிக்கொரு தடவை விடவேண்டியிருக்கும், ஆற வாரக்கணக்காகும். நடுவில் நிறுத்திவிடாதீர்கள். தாமதித்தால் கண்ணில் பூ விழுந்து பார்வையே மங்கிவிடும்.

பூக் கட்டும்போது வரும் வலி பயப்படும்படியானதல்ல. நாற்பதைத் தாண்டினால் கிட்டத்தில் பார்க்கக் கண்ணாடி தேவைப்படுவது இயல்பு. புண் ஆறிய பிறகு அளந்து வாங்கிக்கொள்ளுங்கள். விளக்கு பூவின் மேல் விழும்படி உட்காருங்கள், நடுநடுவே தூரத்தில் எதையாவது பாருங்கள். செல்போன் பார்க்கிற பிள்ளைகளுக்கும் இதே யோசனைதான்; அவர்களுக்கு இமைக்க மறப்பதால் கண் காய்ந்து எரிகிறது.

அடுத்த அறுவடைக்கு ஒரு சாதாரண பிளாஸ்டிக் கண்ணாடியாவது போட்டுக்கொண்டு தூற்றுங்கள். இன்று போகும்போது அந்தச் சொட்டு மருந்தை அட்டையோடு கையில் எடுத்துப் போங்கள், டாக்டர் அதை அவசியம் பார்க்கவேண்டும்.