அன்னாசிப் பாகும் கிறிஸ்துமஸ் கோழியும்

கேள்வி: கிறிஸ்துமஸுக்கு ஒன்றரைக் கிலோ முழுக்கோழியை ஓவனில் ரோஸ்ட் செய்தேன். முதல் நாள் இரவே அன்னாசிச் சாற்றில் ஊறவைத்து, காலையில் சாறும் சர்க்கரையும் கலந்து மேலே பூசித்தான் உள்ளே வைத்தேன். தோல் கரிந்துவிட்டது, மேல்சதை மாவாகக் கொழகொழத்தது, தொடைப் பக்கம் வேகவே இல்லை. ஹோட்டலில் மட்டும் எப்படிப் பளபளவென்று வருகிறது?

- ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: உங்கள் கோழிக்கு இரண்டு தவறுகள் நடந்திருக்கின்றன. முதலாவது, ஊறவைத்தது. பச்சை அன்னாசியில் புரோமெலைன் என்ற நொதி இருக்கிறது. புரதத்தை உடைப்பதுதான் அதன் வேலை. அன்னாசி தின்றால் நாக்கு எரிகிறதே, அதில் இதற்கும் பங்கு உண்டு. முற்றிய ஆட்டுக்கறி வேக நம் வீடுகளில் பப்பாளிக்காய்த் துண்டு போடுவதும் இதே கதைதான். ஆனால் மென்மையான கோழிக்கு ஒரு ராத்திரி என்பது மிக அதிகம். கொதிக்க வைத்தால் நொதி செயலிழந்துவிடும். ஆகவே பழத்தைச் சாறாக ஊற்றாதீர்கள், பாகாகக் காய்ச்சுங்கள்.

இரண்டு கப் அன்னாசிச் சாற்றைத் துணியில் வடிகட்டுங்கள். நார் தங்கினால் முதலில் கருகுவது அதுதான். கரைத்து வடித்த வெல்லம் கால் கப், வினிகர் ஒரு மேசைக்கரண்டி, தட்டிய இஞ்சி, மிளகு, ஒரு சிட்டிகை உப்பு. எவர்சில்வர் பாத்திரம் போதும். இரும்புச் சட்டி வேண்டாம், புளிப்பு பட்டால் பாகில் இரும்பு வாடை ஏறும். மிதமான தீயில் முக்கால் கப்பாக வற்ற வேண்டும். குலாப் ஜாமூனுக்குப் பார்க்கிற பிசுக்குப் பதம் வந்ததும் இறக்குங்கள். ஆறினால் இன்னும் இறுகும். அதனால் கம்பிப் பதத்துக்கு விட்டால் பூசவே முடியாது, பிரஷ்ஷில் அப்பிக்கொள்ளும்.

இரண்டாவது தவறு, பூசிய நேரம். 180 டிகிரி ஓவனில் இந்தக் கோழி வேக ஒன்றே கால் மணி நேரம் ஆகும். சர்க்கரைக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. எனவே தோலை ஈரம் போகத் துடைத்து, உப்பும் வெண்ணெயும் மட்டும் தடவி உள்ளே வையுங்கள். ஒரு மணி நேரம் கழித்து வெளியே எடுத்துப் பாகை மெல்லிசாகப் பூசுங்கள். ஐந்து நிமிடம் கழித்து இன்னொரு பூச்சு, மறுபடி ஐந்து நிமிடத்தில் மூன்றாவது. ஒரே பூச்சாக அப்பினால் வழிந்து தட்டில்தான் தேங்கும். ஹோட்டல் பளபளப்பின் ரகசியம் இந்த மூன்று பூச்சுதான், வேறு மாயம் ஏதும் இல்லை.

வெந்ததா என்பதைத் தோலின் நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், பாகு பூசிய தோல் ஏமாற்றும். தொடையின் தடித்த இடத்தில், எலும்பில் படாமல் வெப்பமானியைக் குத்தினால் 74 டிகிரி காட்ட வேண்டும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற கருவிதான், வாங்கிவிடுங்கள்.

ஓவன் இல்லாதவர்கள் பொரித்த கோழித் துண்டுகளைக் கடைசியில் இதே பாகில் இரண்டு நிமிடம் புரட்டி எடுக்கலாம். மாம்பழக் கூழிலும் செய்யலாம், ஆனால் சீக்கிரம் அடிபிடிக்கும், கிளறிக்கொண்டே இருக்க வேண்டும்.

பூசி மீந்த பாகில் அரைவேக்காட்டுக் கோழியைத் தொட்ட பிரஷ் பட்டிருக்கும். அதை நன்றாகக் கொதிக்கவிட்ட பிறகே மேசைக்குக் கொண்டுபோங்கள்.