கைக்குழந்தை பால் கக்கினால்...

பால் குடிச்ச பிள்ளை கொஞ்சம் கக்கினா உடனே பயப்பட வேண்டாம். இரைப்பையின் வாய்த்தசை பச்சிளங் குழந்தைக்கு இன்னும் வலுப்பெறவில்லை. அதனால்தான் பால் மேலேறுகிறது. பெரும்பாலும் ஒரு வயதுக்குள் குறைந்துவிடும்.

செய்ய வேண்டியவை:

• தாய்ப்பாலை நிறுத்தாதீங்க. கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுங்க.

• குடிச்சதும் தோளில் சாய்த்து ஏப்பம் விட வைங்க. 20-30 நிமிடம் நிமிர்த்தியே வைத்திருங்க.

• தூங்கும்போது மல்லாக்கப் படுக்க வைங்க, குப்புறப் போடாதீங்க.

• வசம்பு உரசி ஊற்றுவது, கிரைப் வாட்டர் கொடுப்பது வேண்டவே வேண்டாம்.

மாதந்தோறும் அங்கன்வாடியில் எடை பாருங்க. எடை கூடினால் கவலை இல்லை. எடை ஏறாவிட்டாலோ, வாந்தி பீய்ச்சி அடித்தாலோ, பச்சையாக அல்லது இரத்தத்தோடு வந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ தாமதிக்காமல் டாக்டரிடம் காட்டுங்க.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதை எல்லாருக்கும் சொல்லுங்க!