பிடித்த மீன் செத்த அன்று: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

வீட்டுக் குளத்தில் ஒரு மீன் செத்து மிதந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "மீன்தானே, வேறொன்று வாங்கிக்கலாம்." காலடிச் சத்தம் கேட்டதும் கரைக்கு வந்து, விரலருகே வாயைத் திறந்து தீனி வாங்கிய மீனை வளர்த்தவருக்கு அந்தச் சொல் வலிக்கும். வலிப்பதில் தவறே இல்லை. கோய் மீன் நல்ல தண்ணீரில் 25, 30 ஆண்டுகள் இருக்கும். இங்கிலாந்தில் 1956ஆம் ஆண்டு ஒரு கேளிக்கைச் சந்தையில் பரிசாகக் கிடைத்த டிஷ் என்ற தங்கமீன், 43 ஆண்டுகள் வாழ்ந்து 1999இல்தான் செத்தது. ஒரு பிள்ளை வளர்ந்து நடுவயதைத் தொடும் காலம் அது. அத்தனை நாள் கூட இருக்கக்கூடிய உயிருக்காக அழுவது இயல்பு.

ஆனால் அழுவதற்கு முன்னால் ஒரு மணி நேர வேலை இருக்கிறது. அந்த மீனைக் கொன்றது எதுவோ, அது பெரும்பாலும் இன்னும் அதே தண்ணீரில்தான் இருக்கும். மீதி மீன்கள் அதைத்தான் சுவாசித்துக்கொண்டிருக்கின்றன. நம் ஊர் வெயிலில், சிமெண்ட் தொட்டியிலோ ஷீட் விரித்த குளத்திலோ கோயும் தங்கமீனும் வளர்ப்பவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

முதல் ஒரு மணி நேரம்: செய்ய வேண்டியவை

• முதலில் காற்று. ஏர் பம்ப் ஓடுகிறதா, ஏர் ஸ்டோனில் குமிழி வருகிறதா, மோட்டார் அடைத்துக்கொண்டதா என்று பாருங்கள். கூடுதல் பம்ப் இருந்தால் உடனே போடுங்கள். இல்லையென்றால் குளத்துத் தண்ணீரையே மோட்டாரால் ஹோஸ் வழியே உயரத்திலிருந்து விழச் செய்யுங்கள். என்ன காரணத்தால் செத்திருந்தாலும் கூடுதல் காற்று மீதி மீன்களுக்குக் கெடுதல் செய்யாது. 20 டிகிரி தண்ணீரில் ஒரு லிட்டருக்கு சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். சித்திரை வெயிலில் நம் குளங்கள் 30 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டுகின்றன.

• தண்ணீரை மாற்றுவதற்கு முன்பே ஒரு சுத்தமான பாட்டிலில் குளத்துத் தண்ணீரைப் பிடித்து மூடி வையுங்கள். மாற்றிய பிறகு என்ன நடந்தது என்று கண்டுபிடிக்க வழியே இருக்காது.

• அம்மோனியா, நைட்ரைட், பிஎச் மூன்றையும் அளந்து பாருங்கள். டெஸ்ட் கிட் வாங்காமல் மருந்து மட்டும் வாங்கி அடுக்கியிருப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். அம்மோனியா எண்ணை மட்டும் தனியாகப் பார்த்தால் போதாது. 30 டிகிரி தண்ணீரில் பிஎச் 7 என்றால் மொத்த அம்மோனியாவில் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகத்தான் நச்சு வடிவில் இருக்கும். பிஎச் 8இல் அது ஏழரை சதவீதம். பிஎச் 9இல் கிட்டத்தட்ட 45 சதவீதம். பச்சைப் பாசி பிடித்த குளத்தில் பிஎச் காலையில் இறங்கி, பிற்பகலில் ஏறும். அதனால் காலையில் ஒருமுறை, மாலை நான்கு மணிக்கு ஒருமுறை அளந்தால்தான் உண்மை தெரியும்.

• செத்த மீனை வலையால் எடுத்து, வெளிச்சத்தில் வைத்து, செவுள் மூடியைத் தூக்கிப் பாருங்கள். மனசு கேட்காது, ஆனாலும் பார்க்க வேண்டும். செத்துச் சில மணி நேரமானால் செவுள் எப்படியும் வெளுத்துவிடும், ஆகவே தாமதிக்காதீர்கள். காப்பி நிறத்தில் இருந்தால் நைட்ரைட் நஞ்சு என்று சந்தேகிக்கலாம். திட்டுத்திட்டாக வெள்ளையாக அழுகியிருந்தால் செவுள் நோய். செதில்கள் சிலிர்த்து நின்று வயிறு ஊதியிருந்தால் உள்ளுறுப்பு கெட்டிருக்கிறது. உடம்பில் நூல் போலத் தொங்குவது நங்கூரப் புழு. தட்டையாக, வட்டமாக ஒட்டிக்கொண்டு நகர்வது மீன் பேன்.

• நேற்று என்ன நடந்தது என்று வீட்டில் எல்லாரையும் கேளுங்கள். லாரித் தண்ணீர் விட்டார்களா, தோட்டத்துக்கு மருந்து அடித்தார்களா, தெருவில் கொசுப் புகை போட்டார்களா, மின்சாரம் போனதா, விருந்தாளிப் பிள்ளைகள் சோறு கொட்டினார்களா. கொசு மருந்தில் இருக்கும் பைரெத்ராய்டு வகை ரசாயனம் மனிதருக்குச் சின்ன அளவில் பெரிதாக ஒன்றும் செய்யாது. மீனுக்கு அது கொடிய விஷம்.

• தீனியை நிறுத்துங்கள். இரண்டு மூன்று நாள் சாப்பிடாததால் கோய்க்கு ஒன்றும் ஆகாது.

முதல் ஒரு மணி நேரம்: செய்யக்கூடாதவை

• குளத்தை முழுக்க இறைத்துவிட்டு புதுத் தண்ணீர் நிரப்பாதீர்கள். பதறிப்போய் முதலில் செய்வது இதுதான். மீதி மீன்களைக் கொல்வதும் பல நேரம் இதுதான். கால் பங்கு மாற்றினால் போதும். அம்மோனியா இறங்கவில்லை என்றால் மறுநாள் இன்னொரு கால் பங்கு. குழாய்த் தண்ணீரானாலும் லாரித் தண்ணீரானாலும் குளோரின் இருக்கும் என்றே வைத்துக்கொண்டு, ஆன்டி குளோரின் சேர்த்த பிறகே விடுங்கள். போர் தண்ணீரில் குளோரின் இல்லை, ஆனால் ஆக்சிஜனும் இருக்காது. ஒரு நாள் தொட்டியில் பிடித்துக் காற்று ஊதி வைத்தபின் விடுங்கள்.

• ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் வைத்துப் பளபளவென்று கழுவாதீர்கள். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா அந்தப் பஞ்சில்தான் குடியிருக்கிறது. குளோரின் பட்டால் செத்துவிடும், மறுபடி முழுதாகப் பெருக ஒரு மாதத்துக்கு மேல்கூட ஆகலாம். குளத்துத் தண்ணீரிலேயே ஒரு வாளியில் அலசினால் போதும்.

• காரணம் தெரியாமல் மருந்து ஊற்றாதீர்கள். நீல மருந்து, மஞ்சள் மருந்து, மனிதருக்கு வாங்கிய ஆன்டிபயாடிக் கேப்சூல் எதுவானாலும் சரி. ஆன்டிபயாடிக் ஃபில்டர் பாக்டீரியாவையும் சேர்த்தே பாதிக்கும். ஆக்சிஜன் குறைவால் செத்திருந்தால் ஃபார்மலின் போன்ற மருந்து நிலைமையை இன்னும் மோசமாக்கும்; அது தண்ணீரிலிருக்கும் ஆக்சிஜனையும் குறைக்கக்கூடியது. இரண்டு மருந்தைச் சேர்த்து விடுவது எந்தச் சூழ்நிலையிலும் வேண்டாம்.

• செத்த மீனைப் பூனைக்கும் காக்கைக்கும் போடாதீர்கள். ஏரியிலோ கால்வாயிலோ வீசாதீர்கள். என்ன நோய் என்று தெரியாத உடம்பு அது.

செத்த விதமே பாதி விடை சொல்லும். விடியற்காலையில், பெரிய மீன்களாகப் பார்த்து, ஒரே இரவில் பல செத்திருந்தால் ஆக்சிஜன்தான் குற்றவாளி. பகலில் ஆக்சிஜன் தரும் பாசியும் செடியும் இரவில் அதையே உறிஞ்சிக்கொள்ளும். சூரியன் உதிக்கும் நேரத்தில் குளம் மூச்சுத்திணறி நிற்கும். புதுத் தண்ணீர் விட்ட ஒரு மணி நேரத்தில் எல்லாம் துடித்தால் குளோரின் அல்லது வேறு நஞ்சு. ஒரு நாளைக்கு ஒன்று என்று நான்கைந்து நாள் தொடர்ந்தால் தொற்றோ ஒட்டுண்ணியோ. ஒரே ஒரு மீன், அதுவும் வயதானது, மற்றவை துள்ளிக்கொண்டு இருக்கின்றன என்றால் குளத்தைக் கலைக்காமல் விடுவதே நல்லது. மீனே காணவில்லை என்றால் சுற்றியுள்ள செடிகளுக்கு அடியில் தேடுங்கள், கோய் எகிறிக் குதிக்கும். அங்கேயும் இல்லையென்றால் மடையானோ மீன்கொத்தியோ பூனையோ வந்து போயிருக்கும். வலை கட்ட வேண்டியதுதான்.

அடுத்த இரண்டு வாரம்: செய்ய வேண்டியவை

• குளத்தின் கொள்ளளவைக் கணக்கிட்டுச் சுவரில் எழுதி வையுங்கள். நீளம், அகலம், ஆழம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்கி, 28.3ஆல் பெருக்கினால் லிட்டர் வரும். பத்தடி நீளம், ஆறடி அகலம், மூன்றடி ஆழம் என்றால் சுமார் 5,100 லிட்டர். இந்த எண் தெரியாமல் போடும் எந்த மருந்தும் குத்துமதிப்பு.

• நைட்ரைட் இருந்தால் கல் உப்பு. 1,000 லிட்டருக்கு ஒரு கிலோ, வாளியில் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். உப்பிலுள்ள குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியே ரத்தத்துக்குள் நுழைவதைத் தடுக்கிறது. சோர்ந்துபோன மீன்கள் தேறுவதற்கு 1,000 லிட்டருக்கு மூன்று கிலோ வரை, இரண்டு மூன்று நாளில் படிப்படியாக ஏற்றலாம். அல்லி, தாமரைத் தொட்டிகளை முதலில் வெளியே எடுத்துவிடுங்கள். உப்பு ஆவியாகாது, தண்ணீர் மாற்றினால்தான் குறையும். ஆகவே வற்றியதற்கு ஈடாக நிரப்பும் தண்ணீரில் மறுபடி உப்புப் போடக்கூடாது.

• நோய் தெரியும் மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றுங்கள். நிழலில், வலை மூடி, காற்று ஊதி வையுங்கள். மருந்து கொடுப்பதென்றால் அங்கேயே கொடுக்கலாம்.

• மருந்தைச் சொன்ன இடைவெளியில் மறுபடி கொடுங்கள். வெள்ளைப்புள்ளி நோயில், மீன் தோலுக்குள் புதைந்திருக்கும் கிருமியை மருந்து தொடாது. தண்ணீரில் நீந்தும் பருவத்தில்தான் அது சாகும். நம் ஊர் வெப்பத்தில் அதன் சுழற்சி ஒரு வாரத்துக்குள் முடிந்து மறு தலைமுறை கிளம்பிவிடும். புள்ளி மறைந்தது என்று பாதியில் நிறுத்தினால் அடுத்த வாரம் இரட்டிப்பாகத் திரும்பும். நங்கூரப் புழுவும் அப்படித்தான்: கண்ணுக்குத் தெரிவதை இடுக்கியால் பிடுங்கிவிட்டாலும் முட்டைகளும் குஞ்சுகளும் தண்ணீரில் இருக்கும்.

• தொடர்ந்து செத்தால் மீன்வளப் பல்கலைக்கழகத்தின் உதவியைக் கேளுங்கள். தூத்துக்குடியிலும் பொன்னேரியிலும் மீன்வளக் கல்லூரிகள் இருக்கின்றன. முதலில் தொலைபேசியில் பேசிவிட்டுப் போங்கள். செத்து ஊறிய மீனைவிட, நோயோடு உயிரோடிருக்கும் மீன் அவர்களுக்கு அதிகம் சொல்லும். இப்போதுதான் செத்தது என்றால் பனிக்கட்டி சூழ வைத்துக் கொண்டுபோகலாம், ஃப்ரீசரில் உறைய வைக்கக்கூடாது.

• மின்சாரம் போனாலும் ஓடும் பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வாங்கி வையுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் சென்னையின் பல பகுதிகள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. நெரிசலான குளத்தில் காற்று நின்றால் ஒரு இரவு தாங்குவதே கஷ்டம்.

அடுத்த இரண்டு வாரம்: செய்யக்கூடாதவை

• பாவம் என்று மீதி மீன்களுக்குக் கூடுதலாகத் தீனி போடாதீர்கள். ஐந்து நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுதான் கணக்கு. மிஞ்சியது அழுகி அம்மோனியாவாகும்.

• சும்மா சும்மா வலை போட்டுப் பிடித்துப் பார்க்காதீர்கள். வழவழப்பு உரிந்தால் அந்த இடம் வழியே நோய் நுழையும்.

• மொட்டைமாடி மழைத் தண்ணீரைக் குளத்துக்குள் திருப்பிவிடாதீர்கள். பிஎச் சட்டென்று சரியும்.

வீட்டுக்குள்

குழந்தைகளிடம் "அது கடலுக்குப் போயிடுச்சு" என்று சொல்லாதீர்கள். செத்துவிட்டது என்று சொல்லுங்கள். ஏன் செத்தது என்று கேட்டால், தெரிந்தவரை சொல்லுங்கள். டெஸ்ட் கிட்டில் நிறம் மாறுவதை அவர்களும் பார்க்கட்டும். புதைக்கும்போது கூட நிற்க ஆசைப்பட்டால் நிற்கட்டும். குழி இரண்டடி ஆழம் இருக்க வேண்டும், இல்லையென்றால் நாயோ பெருச்சாளியோ தோண்டிவிடும். கிணற்றுக்கும் போருக்கும் அருகில் வேண்டாம்.

உங்களையே குற்றவாளியாக்கிக்கொண்டு நாள்கணக்கில் குமையாதீர்கள். கோய் இனப்பெருக்க நேரத்தில் ஆண் மீன்கள் துரத்தித் துரத்திப் பெண் மீன் மறுநாள் செத்துப்போவது உண்டு. உள்ளே கட்டி வந்து சாவதும் உண்டு. எந்தத் தண்ணீரும் அதைத் தடுத்திருக்காது. அதே நேரத்தில், அம்மோனியா ஏறியிருந்தது என்று டெஸ்ட் கிட் காட்டினால் அதை ஒதுக்கித் தள்ளவும் கூடாது. ஒரு வளர்ந்த கோய்க்கு 1,000 லிட்டராவது வேண்டும் என்பது வளர்ப்பவர்கள் வைத்திருக்கும் கணக்கு. 5,000 லிட்டரில் பன்னிரண்டு கோய் நீந்திக்கொண்டிருந்தால் பிரச்சினை அங்கேதான், சிலவற்றை இடமுள்ள நண்பர்களுக்குக் கொடுங்கள். ஏரியில் கொண்டுபோய் விடாதீர்கள். "டேங்க் கிளீனர்" என்று விற்கும் மீனைப் பலரும் அப்படி விட்டதால்தான் அது இன்று நம் ஏரிகளிலும் ஆறுகளிலும் பெருகி, நாட்டு மீன்களோடு இடத்துக்கும் தீனிக்கும் போட்டி போடுகிறது. அதைக் கோய்க் குளத்தில் வைப்பதும் நல்லதல்ல. இரவில் மந்தமாக நிற்கும் மீன்களின் உடம்பில் ஒட்டி வழவழப்பை உறிஞ்சும்.

புது மீன் வாங்குவதற்கு முன்

செத்த வாரமே சென்னை கொளத்தூர் வண்ணமீன் கடைகளுக்குப் போய் அதே நிறத்தில் ஒன்றைத் தேடாதீர்கள். குளத்தில் ஒரு மாதம் எந்த மீனும் சாகாமல், அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்தில் நிற்கட்டும். வாங்கும் மீனை நேராகக் குளத்தில் விடாமல், தனித் தொட்டியில் குறைந்தது மூன்று நான்கு வாரம் வையுங்கள். அந்தத் தொட்டிக்கென்று தனி வலை, தனி வாளி. முதலில் குளத்து வேலையை முடித்துவிட்டு, அதன்பின் புது மீன் தொட்டிக்குப் போங்கள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு. கடையிலிருந்து பையில் வந்த தண்ணீரைக் குளத்திலும் ஊற்றாதீர்கள், தனித் தொட்டியிலும் ஊற்றாதீர்கள், செடிக்கு ஊற்றிவிடுங்கள்.