பகுதி ‘பி’யைக் கேட்டு வாங்குங்கள்

அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பில் எலும்பு முறிந்தது. ஆபரேஷன் நன்றாக நடந்தது. டாக்டரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. எங்களை அலைக்கழித்தது இன்சூரன்ஸ் டெஸ்க்கில் யாரோ நிரப்பிய ஒரே ஒரு கட்டம்.

கிளெய்ம் படிவத்தின் பகுதி ‘ஏ’ நாம் எழுதுவது. பகுதி ‘பி’ மருத்துவமனை எழுதுவது. நோய்க்கான ஐசிடி-10 குறியீடு அதில்தான் வரும்; உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியல் அது. தொடையெலும்பின் கழுத்து முறிந்தால் எஸ்72.0. வழுக்கி விழுந்ததற்கு டபிள்யூ01 என்று காரணத்துக்கும் தனிக் குறியீடு உண்டு. எங்கள் படிவத்தில் இருந்ததோ எம்80, அதாவது எலும்புப்புரை நோயால் உண்டான முறிவு. விழுந்த விஷயமே இல்லை. அம்மாவுக்கு எலும்பு அடர்த்திப் பரிசோதனை யாரும் செய்ததில்லை. வயதான பெண், இடுப்பு முறிவு. எழுதியவருக்கு அதுவே போதுமாக இருந்திருக்கிறது.

பாலிசிக்கு இரண்டாம் வருடம்தான். எலும்புப்புரைக்கான காத்திருப்புக் காலம் முடியவில்லை என்று நிராகரித்துவிட்டார்கள். விபத்தென்றால் அந்தக் காத்திருப்பு பொருந்தாது என்று அதே பாலிசியில் அச்சிட்டிருக்கிறது. டெஸ்க்கில் கேட்டால், “கோடு சிஸ்டம் போடுறது மேடம்” என்றார்கள். சிஸ்டம் கையெழுத்துப் போடாது, ஆள்தான் போட்டிருந்தார்.

ஆகவே டிஸ்சார்ஜ் அன்றே பகுதி ‘பி’ நகலை வாங்கிக் குறியீட்டைப் பாருங்கள். கேஷ்லெஸ் என்றாலும் கேளுங்கள். எங்களைக் காப்பாற்றியது கேஷுவாலிட்டி சீட்டு. குளியலறையில் வழுக்கி விழுந்தார் என்று டியூட்டி டாக்டர் கைப்பட எழுதியிருந்தார். மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது விதி. எழுதிக் கொடுத்துக் கேளுங்கள், வாயால் கேட்டால் நடக்காது. அந்தச் சீட்டோடு, சர்ஜனின் திருத்தக் கடிதமும் சேர்த்து கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு அனுப்பினேன். முப்பது நாளில் பதில் இல்லையென்றால் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம், கட்டணம் கிடையாது. அதற்குள் பணம் வந்துவிட்டது. ‘போனது போகட்டும், விட்டுவிடு’ என்ற உறவுக்காரர்கள் இதைப் படிப்பார்கள் என்று நம்புகிறேன்.

மருத்துவமனையின் பதிவில் எம்80 இன்னும் இருக்கிறதா என்று எழுதிக் கேட்டிருக்கிறேன். நாளைக்கு அம்மாவுக்கு நிஜமாகவே எலும்புப்புரை வந்தால், ஏற்கெனவே இருந்த நோய் என்று இதைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். பதில் இன்னும் வரவில்லை. இரண்டாவது கடிதம் பதிவுத் தபாலில் போயிருக்கிறது.