குறைந்த செலவில் கம்ப்யூட்டரில் தரமான இசை

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் அடுத்து வாங்க நினைப்பது நல்ல ஸ்பீக்கர். கடையில் "5,000 வாட்ஸ்" என்று பெரிய எழுத்தில் அச்சிட்ட பெட்டிகள் நம்மை இழுக்கும். பணத்தைக் கொடுக்கும் முன் கீழ்க்காணும் விஷயங்களைக் கவனியுங்கள்.

1. வாட்ஸ்: எண்ணுக்கு அருகே பி.எம்.பி.ஓ. என்றிருந்தால் அதனை நம்ப வேண்டாம். அதனை அளக்கப் பொதுவான விதிமுறை இல்லை. ஆர்.எம்.எஸ். வாட்ஸ் எவ்வளவு என்று கேளுங்கள். ஸ்பீக்கர் தொடர்ந்து எவ்வளவு திறனைத் தாங்கும் என்பதை இதுதான் காட்டும். சாதாரண அறைக்கு 20 முதல் 40 வாட்ஸ் போதும். வாட்ஸ் இரு மடங்கானாலும் ஒலி 3 டெசிபல் மட்டுமே கூடும்.

2. எத்தனை ஸ்பீக்கர்? ஆடியோ சிடியில் இருப்பது இடது, வலது என இரண்டே சேனல்கள். எனவே பாடல் கேட்க மட்டும் என்றால் 2.0 செட் போதும். அதே விலைக்குக் கிடைக்கும் 5.1 செட்டில் உங்கள் பணம் ஆறு பெட்டிகளுக்குப் பிரிந்துவிடும். ஆம்ப்ளிபயர் உள்ளேயே அமைந்த ஸ்பீக்கராக வாங்கினால் தனி ஆம்ப்ளிபயர் செலவும் இல்லை.

3. சவுண்ட் கார்ட்: உடனே வாங்க வேண்டாம். மதர்போர்டில் உள்ள பச்சை நிற ஜாக்கில் ஸ்பீக்கரை இணைத்துக் கேளுங்கள். மவுஸை நகர்த்தும்போது கிர்ரென்ற இரைச்சல் வந்தால் மட்டும் யு.எஸ்.பி.யில் இணைக்கும் சவுண்ட் கார்ட் வாங்கலாம்.

4. பாடல் பைல்: சிடியின் ஒலி விநாடிக்கு 1,411 கிலோபிட். 128 கிலோபிட் எம்பி3 பைலில் பல நுணுக்கங்கள் நீக்கப்பட்டிருக்கும். அதனை 320க்கு மாற்றினாலும் நீங்கியவை திரும்ப வராது. சிடியிலிருந்து பதியும்போதே 320 எம்பி3 அல்லது ஃபிளாக் வகையைத் தேர்ந்தெடுங்கள்.

5. வைக்கும் இடம்: இதற்குச் செலவே இல்லை. இரண்டு ஸ்பீக்கர்களும் நீங்களும் சம முக்கோணமாக அமையுங்கள். உயர் ஒலி தரும் சிறிய ஸ்பீக்கர் காது உயரத்தில் இருக்கட்டும். சுவர் மூலையில் வைத்தால் பேஸ் ஒலி தேவைக்கு மேல் பெருகி, பாடகரின் குரலை மூடிவிடும்.

கடைக்குச் செல்கையில் நன்கு பழகிய பாடல் ஒன்றைப் பென் டிரைவில் எடுத்துச் செல்லுங்கள். இரண்டு ஸ்பீக்கர்களை ஒப்பிடும்போது ஒலி அளவைச் சமமாக வைக்கச் சொல்லுங்கள். சற்றுச் சத்தமாக ஒலிப்பதே நமக்குத் தரமானதாகத் தோன்றும். பெட்டியில் உள்ள எண்ணைவிட உங்கள் காது சொல்வதை நம்புங்கள்.