தனியாகத் தொழில் தொடங்குவோருக்குக் கணக்கு



சம்பளத்துக்கு நின்ற கடையை விட்டு விலகி, சொந்தமாகக் காண்ட்ராக்ட் எடுக்கும் வாலிபர்கள் நம் சங்கத்தில் பெருகி வருகிறார்கள். "நானா, இன்கம்டாக்ஸுக்கு என்ன செய்வது?" என்று கேட்கிறார்கள். நான் முதலில் கேட்பது, "பணத்தை எதில் போட்டு வைத்திருக்கிறாய், தம்பி?"

கேண்டீன்களுக்கு மளிகைச் சாமான் சப்ளை எடுத்த முதல் வருடம், எனக்கு வந்த ரொக்கமெல்லாம் ஒரே டப்பாவில்தான் விழுந்தது. சரக்குக்கும் அதிலிருந்தே, பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவுக்கும் அதிலிருந்தே எடுத்தேன். வருடக் கடைசியில் டப்பா காலி. ஆகவே லாபமில்லை என்று எண்ணினேன். ஆனால் வீட்டுக்கு எடுத்ததெல்லாம் லாபத்தில் எடுத்ததுதானே! கொள்முதல் ரசீதுகளில் பாதி தொலைந்திருந்தன. காட்ட முடியாத செலவைக் கழிக்க முடியவில்லை. கூடுதலாக வரி கட்டினேன். குற்றம் என்னுடையதே.

ஆகையால் தொழிலுக்கென்று தனி பேங்க் கணக்கு வையுங்கள். தனக்குத் தானே எடுக்கும் சம்பளம் செலவல்ல. கடைச் சாமானை வீட்டுக்கு எடுத்தால் அதையும் எழுத வேண்டும். வேன் வாங்கிய விலையை அப்படியே செலவில் எழுத முடியாது. அதற்குத் தேய்மானச் சலுகை தனியே உண்டு.

மலேசியாவில் தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் எஸ்.எஸ்.எம்.மில் பதிய வேண்டும். கணக்கையும் ரசீதுகளையும் 7 வருடம் வைத்திருக்க வேண்டும். தொழில் வருமானமுள்ளவர் 'பி' படிவத்தை மறு ஆண்டு ஜூன் 30க்குள் அனுப்ப வேண்டும். முதல் வருடம் வரி கேட்டு யாரும் வராததால் பணத்தைச் செலவழித்துவிடுகிறோம். பிறகு சி.பி.500 கடிதம் வரும். நடப்பு ஆண்டுக்கு ஆறு தவணை கட்ட வேண்டும். அதே ஆண்டு ஜூனில் சென்ற ஆண்டின் வரியும் நிற்கும். இரண்டும் சேர்ந்து வரும்போதுதான் பலர் கடன் வாங்குகிறார்கள். நான் ஒவ்வொரு பில் பணம் வந்ததும் பத்தில் ஒரு பங்கை ஒதுக்கிவிடுகிறேன். உங்களுக்கு எவ்வளவு வேண்டுமென்பது உங்கள் லாபத்தைப் பொறுத்தது.

ஜகாத் கணக்கு வேறு. வரி லாபத்தின் மேல். வியாபார ஜகாத்தோ கையிலுள்ள சரக்கு, ரொக்கம், வரவேண்டிய பாக்கி இவற்றில் உடனே கொடுக்க வேண்டிய கடன் போக நிற்பதன் மேல். அது நிஸாபை, அதாவது 85 கிராம் தங்கத்தின் மதிப்பை எட்டி, ஹிஜ்ரி ஆண்டு ஒன்று நிறைந்தால் நூற்றுக்கு 2.5. நஷ்டப்பட்ட வருடத்திலும் ஜகாத் கடமையாகலாம். சரக்கிருப்பை எழுதாதவன் இதை எப்படிக் கணக்கிடுவான்? குர்ஆன் ஷரீபிலேயே மிக நீளமான ஆயத்து, பகரா சூராவின் 282ஆவது, கடனை எழுதி வைப்பதைப் பற்றியதென்பது ஓதிய நமக்குத் தெரியாததல்ல.

இங்கே நமக்கொரு சகாயமும் உண்டு. மாநில ஜகாத் அதிகாரத்திடம் கட்டிய ஜகாத்தை, தனிநபர் தம் வரித் தொகையிலேயே வெள்ளிக்கு வெள்ளி கழித்துக்கொள்ளலாம். வரிக்கு மேற்பட்டது திரும்ப வராது. ரசீது கட்டாயம். ஊரிலுள்ள ஏழை உறவினருக்கு நேரே அனுப்பியது இதில் சேராது.