மார்கழியில் எந்தக் கச்சேரிக்குப் போகலாம்? அக்கா சொல்கிறேன், கேள்

டிசம்பர் பிறந்து சபா நிகழ்ச்சி நிரல் கையில் கிடைத்ததும் தெரிந்த பெயருக்கெல்லாம் வட்டம் போட்டுக்கொண்டு உட்காராதே. மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டை, தி.நகர் என்று ஒரே சாயங்காலத்தில் சென்னையில் எத்தனையோ மேடை. உனக்கோ ஆபீஸ், பிள்ளைக்கு அரையாண்டுப் பரீட்சை, வீட்டில் மாமியார். பத்துக் கச்சேரியில் பாதிப் பாதி கேட்பதை விட்டுவிட்டு, நாலே நாலு கச்சேரியை வர்ணத்திலிருந்து மங்களம் வரை முழுசாகக் கேள். அந்த நாலை எப்படிப் பொறுக்குவது என்பதுதான் விஷயம்.

1. முதலில் தேதி, அப்புறம்தான் பெயர். எந்தெந்த நாள் ஆறு மணிக்கு நீ நிஜமாகவே கிளம்ப முடியும் என்று காலண்டரில் குறி. வாரத்துக்கு இரண்டு போதும். தினமும் ஓடினால் நேற்றுக் கேட்ட தோடி எது, இன்றைக்குக் கேட்ட தோடி எது என்று மண்டையில் எதுவும் தங்காது.

2. பெரிய வித்வான்கள் ஒரே சீசனில் பல சபாக்களில் பாடுகிறார்கள். மியூசிக் அகாடமியில் டிக்கெட் தீர்ந்துவிட்டதா? மூக்கைச் சிந்தாதே. அதே பாடகர் உன் வீட்டுப் பக்கத்துச் சபாவில் என்றைக்குப் பாடுகிறார் என்று பார். பெரும்பாலும் இடத்துக்கு இடம் ராகத்தை மாற்றித்தான் பாடுவார்கள், அதனால் உனக்கு நஷ்டமில்லை. சாயங்கால நெரிசலில் டி.டி.கே. சாலையைத் தாண்டுகிற நேரத்தில் ஒரு ராக ஆலாபனையே முடிந்துவிடும்.

3. பக்கவாத்தியம் யார்? இதைத்தான் எல்லாரும் பார்க்காமல் விடுகிறீர்கள். பாடுகிறவர் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும், வயலினும் மிருதங்கமும் கீழே பொடி எழுத்தில். பொடி எழுத்தைப் படி! நல்ல வயலின்காரர் ஆலாபனையில் என்ன செய்வார், கவனித்திருக்கிறாயா? பாடகர் மேல் ஷட்ஜத்தில் போய் நிற்கும்போது அவரும் அந்த ஸ்வரத்தை மெல்லப் பிடித்துக்கொண்டு நிற்பார், முந்த மாட்டார். தன் முறை வந்ததும் பாடியதை அப்படியே ஒப்பிக்காமல், பாடகர் தொடாத ஒரு மூலையைத் தொட்டுவிட்டுச் சுருக்கமாக முடிப்பார். அப்படிப்பட்டவர் வாசிக்கிறார் என்றால் பாடுகிறவர் பெயர் உனக்குத் தெரியாவிட்டாலும் போ. கூடவே கடமோ கஞ்சிராவோ இருந்தால் இன்னும் நல்லது, தனி ஆவர்த்தனம் களைகட்டும்.

4. மதியக் கச்சேரியை ‘சின்னப் பசங்க பாடறது’ என்று ஒதுக்காதே. பல சபாக்களில் அதற்கு டிக்கெட்டே கிடையாது. வருஷத்தில் கிடைக்கிற ஒரே பெரிய மேடை என்று மாதக்கணக்கில் சாதகம் பண்ணிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் அவர்கள். மூன்றாவது வரிசையில் இடம் கிடைக்கும், குழந்தையையும் கூட்டிப் போகலாம்.

காலையில் நேரம் இருந்தால் அகாடமியின் விளக்க உரைகளுக்குப் போ. 1927-ல் இங்கே நடந்த காங்கிரஸ் மாநாட்டோடு ஓர் இசை மாநாடும் நடந்தது. அதிலிருந்து பிறந்ததுதான் 1928-ல் தொடங்கிய அகாடமி. அதனால் அங்கே பாட்டுக்கு இருக்கிற மரியாதை சங்கீதம் பற்றிய பேச்சுக்கும் உண்டு. ஒரு ராகத்தைப் பிரித்துக் காட்டுவதைக் காலையில் கேட்டுவிட்டுச் சாயங்காலம் கச்சேரிக்குப் போனால், காது தானாகத் திறந்திருக்கும்.

5. இடம் பார்த்து உட்கார். ஸ்பீக்கருக்கு எதிரே உட்கார்ந்தால் மிருதங்கம் மட்டும்தான் காதில் விழும். நடு வரிசை, நடு நாற்காலி. இரைச்சல் தாங்கவில்லையா, பாட்டு முடிந்ததும் பின்னால் போய்விடு. நாரத கான சபாவில் இருப்பதுபோலச் சின்ன அரங்கு உள்ள இடங்களில் குரல் பக்கத்திலேயே கேட்கும்.

6. புதுசாகக் கேட்க ஆரம்பிக்கிறாயா? ராகம் தானம் பல்லவியை முதல் நாளே தேடிப் போகாதே. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வகுத்துத் தந்த முறையில், வர்ணம், சில கிருதிகள், நடுவில் ஒரு பெரிய உருப்படி, கடைசியில் துக்கடாக்கள் என்று போகும் இரண்டரை மணி நேரக் கச்சேரி போதும். தோடி, கல்யாணி, காம்போதி, சங்கராபரணம், கரகரப்பிரியா ஆகியவை அடிக்கடி மெயினாக வரும். இந்த ஐந்தில் ஒன்றை, சமைக்கும்போது பழைய ஒலிப்பதிவாகப் போட்டு ஒரு வாரம் கேட்டுக்கொண்டே இரு, போதும்.

சாகித்யம் புரிந்தால்தான் ரசிக்க முடிகிறதா? அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பாரிமுனைப் பக்கம் ராஜா அண்ணாமலை மன்றத்துக்குப் போ. 1943-ல் தொடங்கிய தமிழ் இசைச் சங்கத்தின் விழா அங்கேதான் நடக்கிறது. தமிழ்ப் பாட்டாகவே கேட்கலாம்.

7. தனி ஆவர்த்தனத்தில் எழுந்து கேன்டீனுக்கு ஓடினால் எனக்குக் கெட்ட கோபம் வரும். மேடையில் மிருதங்கக்காரர் ஒன்றரை மணி நேரமாக அடுத்தவர் பாட்டுக்கு வாசித்துவிட்டு, தனக்கென்று கிடைத்த பத்துப் பதினைந்து நிமிஷத்தைத் தொடங்குகிறார். நீ புடவையைச் சரிசெய்துகொண்டு நாற்காலியைப் படக்கென்று மடக்கினால் அவர் மனசு என்ன பாடுபடும்? உட்கார்ந்து தாளம் போடு. மிருதங்கமும் கடமும் மாறி மாறி வாசித்து, குறைப்பில் அளவு சுருங்கிச் சுருங்கி வந்து, பிறகு இரண்டும் சேரும். கோர்வையை மூன்று தடவை வாசித்து முடிக்கிற இடத்தில் பாடகர் சரியாக எடுப்பைப் பிடிப்பார். அந்த இடம் பிடிபட்டுவிட்டால் அப்புறம் நீ எழுந்திருக்கவே மாட்டாய்.

பசிக்கும் என்றால் ஐந்து மணிக்கே போய் ரவா தோசை சாப்பிட்டுவிட்டு உள்ளே வா. பொட்டலத்தை உள்ளே கொண்டுவராதே, பிளாஸ்டிக் கவர் சரசரவென்றால் நாலு வரிசைக்குக் கேட்கும்.

8. யாரோடு போகிறாய் என்பதும் முக்கியம். ராகத்தின் பெயரை உரக்கச் சொல்லிக் காட்டுகிறவரும், போனில் படம் பிடிக்கிறவரும் துணைக்கு வேண்டாம். தனியாகப் போவது நல்லது. தாமதமாகிவிட்டால் கதவருகே நில், ஒரு பாட்டு முடிந்து கைதட்டும்போது உள்ளே போ. கிளம்பவும் அதே மாதிரிதான்.

9. சீசன் முடிந்தும் ஆசை தீரவில்லையென்றால், பெரும்பாலும் ஜனவரியில் வரும் திருவையாறு ஆராதனைக்குப் போய் வா. புஷ்ய பகுள பஞ்சமியன்று காலையில் பஞ்சரத்னத்தை எல்லாரும் சேர்ந்து பாடுவார்கள். அன்றைக்குத் திருவையாற்றில் அறை கிடைப்பது கஷ்டம். தஞ்சாவூரில் இப்போதே சொல்லி வை, விடியற்காலையில் பஸ் பிடித்துப் போய்விடலாம்.